கடை மிளகாயில் விதை எடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவில் நாலு சிவப்பு மிளகாய், ‘நாகா மிளகாய்’ என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்தும் மனசு கேட்கவில்லை, வாங்கிவிட்டேன். விதை போட்டால் முளைக்குமா? அதே காரம் வருமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நன்றாகச் சிவந்த பழமாக இருந்தால் முளைக்கும். பச்சையாகவோ அரைப்பழமாகவோ பறித்ததென்றால் விதை முற்றியிருக்காது, ஆசைப்பட வேண்டாம். கடை ஃபிரிட்ஜில் சில நாள் இருந்தது பரவாயில்லை. ஃப்ரீசருக்குள் போன பழத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஈரத்தோடு உறைந்த விதை பெரும்பாலும் செத்துப்போகும்.

முதலில் சீட்டை நம்பாமல் பழத்தைப் பாருங்கள். நம் குண்டு மிளகாயையே அழகான டப்பாவில் போட்டு வேறு பெயரில் விற்றாலும் ஆச்சரியமில்லை. குண்டுக்குத் தோல் வழவழவென்று இருக்கும். நாகாவுக்குத் தோல் சுருங்கி, சொரசொரப்பாக, நுனி கூர்ந்திருக்கும், நறுக்கினால் பழ வாசனை தூக்கலாக வரும். அஸ்ஸாமில் பூத் ஜொலோகியா என்பதும் இந்தக் கூட்டம்தான். 2007இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல். நாம் குழம்புக்கு அரைக்கிற வத்தல் சில பத்தாயிரங்களிலேயே நின்றுவிடும் என்பதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். (பிறகு 2013இல் கரோலினா ரீப்பரும், 2023இல் 26.93 லட்சத்தோடு பெப்பர் எக்ஸும் முந்திவிட்டன, அது தனிக் கதை.)

அதே காரம் வருமா என்றால், பெரும்பாலும் வரும். காய்கறிக் கடைப் பச்சை மிளகாயில் நிறைய வீரிய ஒட்டுரகம் (ஹைபிரிட்), அதன் விதை தாயைப் போலவே வரும் என்று சொல்ல முடியாது. நாகா அப்படியில்லை, வழிவழியாக விதை எடுத்தே வளர்க்கிற நாட்டு ரகம். ஆனால் மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய்த்தாலும், தேனீ பக்கத்து வரப்பு மிளகாயிலிருந்து கொண்டுவந்து கலந்துவிடுவதும் உண்டு. அந்தக் கலப்பு உங்கள் கையில் இருக்கிற பழத்தில் தெரியாது, அதன் விதையில் வளரும் செடியில்தான் தெரியும். அதனால் ஒரே செடியை நம்பாமல் நாலைந்து வளர்த்து, பழம் சரியாக வந்த செடியில் மட்டும் அடுத்த விதையை எடுங்கள். அதிலும் பூக்கும் முன்பே ஒரு கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, பூத்ததும் கிளையை லேசாக ஆட்டிவிட்டால் போதும்.

கையுறை போட்டுக்கொண்டு நறுக்குங்கள், இதில் வீரம் வேண்டாம். காரம் உற்பத்தியாவது விதையில் இல்லை, முக்கியமாக விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வில். விதைமேல் அதன் பூச்சு இருப்பதால் அதுவும் எரியும். தோலில் பட்டுவிட்டால் தண்ணீரை ஊற்றாமல் கொஞ்சம் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போடுங்கள். விதையைத் தட்டில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் போட்டால் விதை வெந்துவிடும். மடக்கினால் வளையாமல் பட்டென்று ஒடியும் பதம் வந்ததும் காகிதக் கவரில் போட்டு, ரகமும் மாதமும் எழுதி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

விதைப்பதை ஆடியில் வைத்துக்கொள்ளலாம். முளைக்க 27 முதல் 32 டிகிரிச் சூடு வேண்டும். குளிர் நாட்டுக்காரர்கள் இதற்காக மின்சாரப் பாய் வாங்குகிறார்கள், நமக்கு அந்தச் செலவு மிச்சம். சாதாரண மிளகாய் ஒரு வாரம் பத்து நாளில் தலைகாட்டும், இது இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம்கூட இழுக்கும், பொறுமை இல்லாமல் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். டெல்டாவில் இதன் எதிரி ஐப்பசி மழைதான், நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தரையில் நடாமல், மணலும் மக்கிய சாணமும் கலந்த பையில், அடியில் ஓட்டை போட்டு, மழை விடும்வரை தாழ்வாரத்தில் வைத்திருங்கள். மார்கழி, தையில் பூத்தால் நல்லது. கோடையில் 35 டிகிரி தாண்டினால் பூ கொட்டும்.

கேள்வி: ஆன்லைனில் காய்ந்த நாகா வத்தல் வாங்கினேன். அதில் விதை எடுக்கலாமா? தண்ணீரில் மிதக்கும் விதை பொய் விதை என்கிறார்களே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வெயிலில் காய்ந்ததென்றால் வாய்ப்பு உண்டு. மெஷின் சூட்டிலோ புகையிலோ காய்ந்திருந்தால் குறைவு, பாக்கெட்டைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. பத்து விதையை ஈரத்துணியில் மடித்து டப்பாவில் மூடி வைத்துப் பாருங்கள். ஒரு மாதத்தில் இரண்டு மூன்று முளைத்தாலே லாபம்தான், ஒரு செடியில் கிடைக்கும் பழம் ஒரு வீட்டுக்கு மிஞ்சும். மிதக்கும் கணக்கு மிளகாய்க்குச் சரிப்படாது, நல்ல விதையும் காய்ந்திருந்தால் முதலில் மிதக்கத்தான் செய்யும்.

கேள்வி: நாகாவில் மோர் மிளகாய் போட்டால் காரம் அடங்குமா? மாமியார் அடங்கும் என்கிறார்.
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: வாய் எரியும்போது தயிர் கைகொடுக்கும், அதிலுள்ள புரதம் காரத்தைப் பிடித்து இழுத்துவிடும், அவர் சொல்வதில் அந்த அளவு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மிளகாயை எத்தனை நாள் மோரில் ஊறவைத்தாலும் தயிர் சாதத்துக்கு முழுசாகக் கடித்துக்கொள்ள முடியாது. அதை எண்ணெயில் வறுக்கும்போது வரும் நெடியில் வீட்டில் எல்லோரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். ஒரு பழத்தைப் பொடியாக நறுக்கி ஒரு ஜாடி மாங்காய் ஊறுகாயில் போட்டுப் பாருங்கள், தாராளம். விதையை மட்டும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.