புது இலகு விமானத்துக்கு முன்பணம் கட்டலாமா?

வணக்கம். அமெரிக்காவில் இன்னும் விற்பனைக்கே வராத ஒரு புது இருவர் விமானத்துக்கு முன்பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

செஸ்னா கம்பெனியின் இருவர் விமானமான ஸ்கைகேட்சரையே பாருங்கள். 2007இல் அறிவித்ததும் ஆயிரத்துக்கு மேல் ஆர்டர் குவிந்தது. சுமார் 1,10,000 டாலரில் தொடங்கிய விலை பிறகு 1,50,000 வரை ஏறியது. கடைசியில் 200 விமானம்கூட விற்கவில்லை; மிச்சமிருந்தவற்றை உடைத்தே போட்டார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி! இலகு விமானம் செய்யும் ஐகான் கம்பெனியும் 2024இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

அரசு விதிமுறை சாதகம்தான். 2025 ஜூலையில் அமெரிக்க விமானத் துறை கொண்டுவந்த மொசைக் விதி, இலகு விமானங்களுக்கு இருந்த 600 கிலோ எடை வரம்பை எடுத்துவிட்டது. இனி ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம்தான் முக்கிய அளவுகோல். ஆனால் அதே விதியால் ஸ்போர்ட் பைலட் உரிமம் (இலகு விமானம் ஓட்டுவதற்கான எளிய உரிமம்) உள்ளவர் நான்கு இருக்கை கொண்ட பழைய செஸ்னா 172-ஐயும் ஒரு பயணியோடு ஓட்டலாம். நீங்கள் பணம் கட்ட நினைக்கும் கம்பெனிக்கு உண்மையான போட்டி அதுதான், அதுவும் பாதி விலையில்கூடக் கிடைக்கும்.

அப்படியும் ஆசை விடவில்லையா? சரி, முன்பணம் எஸ்க்ரோ கணக்கில் (விமானம் கைக்கு வரும்வரை மூன்றாம் நபரிடம் பணம் பத்திரமாக இருக்கும் கணக்கு) இருக்குமா, விலை ஏறினால் முழுதும் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர அவர்கள் தயங்கினால் கட்டாதீர்கள்.