கோயில் வெடிக்கு அரண்டவர்

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: ‘கணவர் 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து தலையில் காயத்தோடு வந்தவர். தோட்டம், வீடு என்று நன்றாகத்தான் இருந்தார். போன திருவிழாவில் வெடி கொளுத்தியதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து நித்திரை இல்லை. நித்திரைக் குளிசையாலும் குணமில்லை. இத்தனை வருடம் கழித்து மனவடு நோய் வருமா?’

வரும், சகோதரி. சிலருக்கு அது பல வருடங்கள் கழித்துத்தான் முழுதாகத் தலைகாட்டும்.

நடந்ததை நினைத்து அழுவது நோயல்ல. அப்படிப் பார்த்தால் வன்னி முழுவதும் நோயாளிகள்தான். நடந்தது இப்போதே மறுபடி நடப்பதுபோல் வருகிறதா, அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் தவிர்க்கிறாரா, ஆபத்து பக்கத்தில் நிற்பதுபோல் உடம்பு எந்நேரமும் விழித்திருக்கிறதா என்று பார்ப்போம். இம்மூன்றும் வாரக்கணக்கில் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் மனவடு நோய் என்போம். அவர் குப்புறப் படுத்த அந்தக் கணத்தில் அவருக்குத் திருவிழாவே இல்லை, கேட்டது ஷெல். தவிர்ப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, வைத்தியரிடம் சொல்லுங்கள். தலைக்காயத்தையும், கசிப்புக் குடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். நித்திரையின்மைக்கும் சினத்துக்கும் அவையும் காரணமாகலாம்.

நித்திரைக் குளிசை இந்த நோய்க்கு மருந்தல்ல, நாள்பட்டால் பழக்கமாகிவிடும். ஆனால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. முதன்மையான சிகிச்சை பேச்சுதான், அதுவும் பயிற்சி பெற்றவரோடு. ஒரு முறையில் தரையில் கயிறு ஒன்றை விரிப்போம். அது அவருடைய ஆயுள். நல்ல நாட்களுக்குப் பூ, கொடிய நாட்களுக்குக் கல். பிறகு பிறந்த நாளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கல்லிலும் நின்று, கண்டது, கேட்டது, உடம்பு உணர்ந்தது என்று வரிசையாகச் சொல்ல வைப்போம். சொல்லும்போது நடுங்குவார், வியர்ப்பார். தணியும்வரை கூடவே இருப்போம். சிதறிக் கிடந்த நினைவுக்கு நாளும் இடமும் கிடைத்ததும் அது ‘அன்று நடந்தது’ ஆகிவிடும். இத்தகைய சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் போதும். தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மருந்தும் கொடுப்போம். பலன் தெரியச் சில வாரங்களாகும்.

வீட்டில் நீங்களாகக் கதையைக் கிளறாதீர்கள். இரவில் அரண்டு எழுந்தால் உலுக்காமல், முன்னால் நின்று பெயர் சொல்லி, ‘நாங்கள் வீட்டில் இருக்கிறோம், பிள்ளை நித்திரை’ என்று சொல்லுங்கள். காலைத் தரையில் ஊன்றச் செய்யுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள், உடனே தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.

மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அவரோடு நீங்களும் போங்கள். இப்போது குடிக்கும் குளிசையின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.