வட்டாரத்தில் தொண்டூழியம் செய்பவர்களை மேடையேற்றிக் கௌரவிப்பதால் ஏதாவது பயன் உண்டா, இல்லை வெறும் படம் பிடிக்கத்தானா?

படம் பிடிக்கவும்தான். அதை மறைக்கப் போவதில்லை. கேள்வி கேட்டவர் இங்கே சிங்கப்பூரில் புது பிடிஓ (முன்பதிவு செய்தபின் கட்டித் தரும் அரசு அடுக்குமாடி) வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தொண்டூழியர் பாராட்டு விருந்து நோட்டீஸைப் பார்த்த எரிச்சலில் கேட்டிருப்பீர்கள். நான் எங்கள் பேட்டை ஆர்சியில், அதாவது குடியிருப்பாளர் குழுவில், பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். 2022இல் அப்படி ஒரு மேடையில் ஏறியும் இருக்கிறேன்.

"பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கத்தானே இதெல்லாம்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள், தெரியும். ஒன்றாம் வகுப்புப் பதிவில் அடித்தளத் தலைவர்களுக்கு, அதாவது ஆர்சி போன்ற அமைப்புகளில் தொண்டு செய்பவர்களுக்கு, 2பி கட்டத்தில் முன்னுரிமை இருப்பது உண்மை. அதற்கென்றே வந்து, பிள்ளைக்கு இடம் கிடைத்த மறுமாதமே வாட்ஸப் குழுவிலிருந்து விலகியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. காரும் இல்லை, ஆகவே பார்க்கிங் சலுகைக்காக வந்தேன் என்ற கதையும் வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது பொதுச் சேவைப் பதக்கமும் இல்லை. அது 1973இலிருந்து இருக்கும் தேசிய தின விருது. பட்டியலில் பெயர் வரும், பெயருக்குப் பின்னால் பிபிஎம் (அந்தப் பதக்கத்தின் மலாய்ப் பெயரின் சுருக்கம்) என்று போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கொடுத்தது தொகுதி விருந்தில் தரும் நீண்டகாலச் சேவைச் சான்றிதழ், ஒரு சட்டகம், கைகுலுக்கல். மேடையில் பத்து விநாடி நின்றிருப்பேன்.

அந்தப் பத்து விநாடியிலும் அவர்கள் கூப்பிட்டது என் பெயரை இல்லை. அடையாள அட்டையில் என் பெயர், பிறகு 'சன் ஆஃப்', பிறகு அப்பா பெயர். அறிவிப்பாளர் கடைசியில் இருப்பதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் 'மிஸ்டர்' போட்டு அப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்பா 1998இல் இறந்துவிட்டார். அம்மாவுக்கு அப்போது 84 வயது, சக்கர நாற்காலியில் அழைத்துப் போயிருந்தேன். பெயரைக் கேட்டதும் அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். இறங்கி வந்தபோது எனக்கு ஒரே கோபம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா பேரையில்லடா கூப்பிட்டான், எவ்வளவு பெரிய மண்டபத்துல!" என்றார். அந்தச் சான்றிதழ் இப்போது அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. பயன் உண்டா என்று கேட்டீர்களே, இதைப் பயன் என்று சேர்த்துக்கொள்வதா வேண்டாமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதே மேடையின் பின்னால் நான்கு மொழியிலும் பதாகை. தமிழில் 'தொண்டூழியர்' என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளி வட்டம். அச்சுக்குப் போவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தருகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். யாரும் அனுப்புவதில்லை. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சரி. ஆனாலும் யாரைக் கௌரவிக்கிறோமோ அந்தச் சொல்லையே உடைத்து வைத்தால் எப்படி?

அப்புறம், உண்மையில் அங்கே ஏறியிருக்க வேண்டியவர் ஒன்பதாம் மாடி அக்கா. உணவங்காடியில் தட்டு எடுக்கும் வேலை அவருக்கு. 2020 பிப்ரவரி 1ஆம் தேதி வீட்டுக்கு நான்கு முகக்கவசம் கொடுக்கத் தொடங்கினார்களே, நாடு முழுக்க 1.3 மில்லியன் வீடுகளுக்கு, நினைவிருக்கிறதா? நாங்கள் கீழே மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் பெயரை டிக் அடித்துக்கொண்டிருந்தோம். சில நாள் கழித்துப் பார்த்தால் எங்கள் புளோக்கில் மூன்று வீடு மட்டும் வரவே இல்லை. மூன்றிலும் தனியாக இருக்கும் வயதானவர்கள். மேலே போய்த் தட்டினோம், யாரும் திறக்கவில்லை. போலீஸைக் கூப்பிடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா வேலை முடிந்து வந்தார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மூன்று வீட்டுச் சாவியும் அதில் இருந்தன.

ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். மூன்றாவது, ஒரு சீனப் பாட்டி, கட்டிலைவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அக்காவுக்குச் சீனம் தெரியாது, பாட்டிக்குக் கொஞ்சம் பாசார் மலாய், அதாவது சந்தையில் பேசும் மலாய், தெரியும். அதை வைத்துக்கொண்டு ஆறு வருடமாகக் கஞ்சி கொடுத்து வந்திருக்கிறார். கம்பத்தை (பழைய கிராமக் குடியிருப்பை) விட்டு மாடி வீட்டுக்கு வந்தவர்கள் அண்டை வீட்டாரைத் தெரியாமலே இருந்துவிடக் கூடாது என்றுதான் 1978இல் ஆர்சியையே தொடங்கினார்கள். ஆர்சியில் இத்தனை வருடம் இருந்த எனக்கு இந்தச் சாவிக்கொத்து விஷயம் அன்றுதான் தெரியும்.

அடுத்த வருடமே அக்கா பெயரைக் கொடுத்தேன். படிவத்தில் 'வகிக்கும் பொறுப்பு', 'கலந்துகொண்ட கூட்டங்கள்' என்று கட்டங்கள். இரண்டையும் காலியாக விட்டேன். திரும்பி வந்துவிட்டது. முதலில் உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களுக்கும் ஏதாவது ஒரு கணக்கு வேண்டும். அக்காவிடம் கேட்டேன். "சனிக்கிழமை ராத்திரி எனக்கு ஷிஃப்ட் தம்பி. கஞ்சி கொடுத்ததுக்குமா பேப்பர் கொடுப்பாங்க?" என்று சிரித்தார்.

இந்த வருடமும் பெயர் அனுப்பச் சொல்லி வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி நாள். இந்தமுறை அக்காவிடம் கேட்காமலே எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். 'வகிக்கும் பொறுப்பு' என்ற இடத்தில் 'மூன்று வீட்டுச் சாவி' என்று.