அதிகாரம் கிடைத்தவுடன் சாதாரண மனிதர்கள் ஏன் மாறிப்போகிறார்கள்?

கேள்வியைப் பொதுவாகக் கேட்டிருந்தாலும், நேற்று வரை உங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்த ஒருவர் இன்று உங்களுக்கு மேலே போய் அமர்ந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விக்கு விடையாகப் பலரும் எடுத்துக்காட்டுவது, 1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர் பிலிப் ஜிம்பார்டோ நடத்திய சிறைச் சோதனையைத்தான். மாணவர்களைக் காவலர் என்றும் கைதி என்றும் பிரித்துவிட, காவலர்களின் அட்டூழியம் தாங்காமல் இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்ட சோதனை ஆறே நாளில் நின்றது. சீருடை மாட்டிவிட்டால் எவரும் கொடியவர் ஆவார் என்று அதிலிருந்து முடிவுகட்டுவதை நான் ஏற்பதில்லை. ஜிம்பார்டோ சொன்ன கணக்கிலேயே காவலர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்தான் கொடுமையாக நடந்துகொண்டனர். போதிய கண்டிப்புக் காட்டாத ஒரு காவலரை, சோதனை நடத்திய தரப்பினரே கடுமையாக நடக்கும்படி வற்புறுத்திய ஒலிப்பதிவும் பிற்காலத்தில் பரவலாக விவாதிக்கப்பட்டது.

என் அனுபவமும் அந்த முடிவுக்கு எதிராகவே இருக்கிறது. நான் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றபோது அந்த இடம் நிரப்பப்படாமல், எங்களில் மூத்தவர் ஒருவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பிள்ளைகளிடம் குரலை உயர்த்தாதவர், மதிய உணவில் பாதியை எங்களுக்குப் பகிர்ந்து கொடுப்பவர். அவருக்குக் கிடைத்தவை நாற்காலியும், சாவிக்கொத்தும், மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கும் உரிமையும் மட்டுமே. பள்ளிக்குள்ளும் எங்களில் சிலர், "நீங்கள் பொறுப்புதானே சார், நிரந்தரமானவர் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அலுவலக உதவியாளர்கூட அவர் கேட்ட கோப்பை மறுமுறை கேட்ட பிறகே எடுத்து வருவார்.

சில மாதங்களில் ஆள் மாறிவிட்டார். வழிபாட்டுக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வருகைப் பதிவேட்டை உள்ளே எடுத்து வைத்துப் பூட்டினார். தற்செயல் விடுப்புக் கேட்டால் காரணத்தை இரண்டு முறை விசாரித்தார். ஒருநாள், நகரப் பேருந்து வராததால் தாமதித்த ஓர் ஆசிரியையைப் பிள்ளைகள் பார்க்கும்படி நிற்கவைத்து விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். அப்படிச் சொன்னவரும் பல ஆண்டுகள் அதே பேருந்தில் வந்தவர்தான்.

நான் அவருக்குப் பரிந்து பேசுவதாகச் சிலர் கருதக்கூடும். அந்த ஆசிரியை பட்ட அவமானத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தலைமைப் பொறுப்புக்கு முன்பும் அவரிடம் அதிகாரம் இருந்தது. ஒரு வகுப்பறைப் பிள்ளைகள் மீது ஓர் ஆசிரியருக்கு உள்ள அதிகாரம் எந்த மேலாளருக்கும் இல்லை; எழு என்றால் எழுவார்கள், அழவைக்கவும் முடியும். அத்தனை ஆண்டுகளில் அது அவரைக் கெடுக்கவில்லை, ஏனென்றால் அங்கே அவருக்கு மரியாதை இருந்தது. அடுத்த அறையில் மரியாதை இல்லாத அதிகாரம் கிடைத்தபோதுதான் கெட்டார்.

இதை ஒட்டிய ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அமெரிக்க ஆய்வாளர் நத்தனேல் ஃபாஸ்ட்டும் அவருடைய சகாக்களும் நடத்திய அச்சோதனையில், பங்கேற்றவர்கள் சோதனையில் தம்மோடு சேர்க்கப்பட்ட இன்னொருவர் செய்ய வேண்டிய பணிகளைத் தேர்ந்தெடுத்தனர். நாயைப் போலக் குரைப்பது போன்ற இழிவான பணிகளும் பட்டியலில் இருந்தன. அதிகாரமும் மதிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களைவிட, அதிகாரம் மட்டும் கிடைத்து மதிப்புக் குறைந்த பாத்திரத்தில் இருந்தவர்களே இழிவான பணிகளை அதிகம் தேர்ந்தெடுத்தனர்.

பிறகு கலந்தாய்வில் நிரந்தரத் தலைமையாசிரியை ஒருவர் வந்தார். கண்டிப்பில் குறைந்தவர் அல்லர். அதே கூட்டங்களில் அவரும் திட்டு வாங்கினார். ஆனால் யாரையும் பிள்ளைகள் முன்னால் நிறுத்தியதில்லை. அது அவருடைய இயல்பு என்று வாதிடுவீர்கள், இருக்கலாம். பழையவரோ வகுப்பறைக்குத் திரும்பிய வாரமே முன்போலப் பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்தார். எங்களோடு உண்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

உங்கள் அலுவலகத்தில் மேலே போனவருக்கு நிரந்தர ஆணை கிடைத்துவிட்டதா, அவர் இல்லாதபோது அங்குள்ளவர்கள் அவரை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்பதையும் சொன்னால், இன்னும் பொருத்தமாக எழுத முயல்கிறேன்.