இலைத் தோட்டம் யாருக்கு, வீடு யாருக்கு?

கேள்வி: கணவரும் நானும் மனமொத்துப் பிரிய முடிவெடுத்திருக்கிறோம். அவருக்குத் தாத்தா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. எனக்கு அப்பா செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த அரை ஏக்கர். அவருடைய நிலத்தில், என் நகைகளை அடகு வைத்து வீடு கட்டினோம். எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அதுதான் சட்டமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: பெரியவர்களின் நல்லெண்ணத்தைக் குறைசொல்ல மாட்டேன், ஆனால் நம் சட்டத்தில் அப்படியொரு விதி இல்லை. திருமணம் ஆனதாலேயே ஒருவர் சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடாது.

அரை ஏக்கர் முழுக்க உங்களுடையது. இலைப் பணம் இதுவரை கணவர் கணக்குக்கே போயிருந்தாலும் நிலத்தின் உரிமை மாறாது. திருமணத்தில் உங்களுக்குப் போட்ட நகைகள் சீதனம். அவை கணவர் வீட்டாரிடம் இருந்தாலும் உரிமை உங்களுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. இருவருக்கும் பொதுவாக வந்த சீர்ப் பொருள்களைப் பற்றி, 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 27ஆம் பிரிவின்கீழ், விவாகரத்து வழக்கிலேயே உத்தரவு கேட்கலாம்.

கணவரின் ஒன்றரை ஏக்கரில் மனைவி என்ற முறையில் உங்களுக்குப் பங்கு கிடையாது. ஆனால் அதே சட்டத்தின் 25ஆம் பிரிவின்கீழ் நிரந்தர ஜீவனாம்சம் நிர்ணயிக்கும்போது அவருடைய வருமானத்தையும் சொத்தையும் நீதிமன்றம் பார்க்கும். தேவையானால் அந்தத் தொகைக்கு அவருடைய நிலத்தையே ஈடாக்கி, அதன்மீது பொறுப்பு ஏற்படுத்தவும் முடியும்.

சிக்கலெல்லாம் வீட்டில்தான். நிலம் அவருடையது என்பதால் வீடும் அவருடையது என்றே வாதம் வரும். உங்கள் பணம் அதில் இறங்கியதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அடகுச் சீட்டு, நகைக்கடன் பணம் வரவான உங்கள் வங்கிக் கணக்கின் பக்கம், அதே வாரத்தில் சிமெண்டும் கம்பியும் வாங்கிய பில் ஆகிய மூன்றும் தேதிவாரியாக ஒன்றையொன்று தொட்டு நின்றால், பத்துச் சாட்சிகளைவிட அவை வலுவானவை. இல்லத்தரசியின் வீட்டு உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியிருப்பது உங்களுக்குத் துணை நிற்கும். ஆனால் அது அந்த வழக்கின் சூழலில் எழுந்த தீர்ப்பு, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பெரியவர்கள் முன்னிலையில் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டால் நிலம் கைமாறாது. அதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வீட்டுக்கு ஈடாக எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்பதைப் பரஸ்பர சம்மத மனுவிலேயே எழுதச் செய்யுங்கள். அந்த மனுவில் இரண்டாம் முறை சம்மதம் சொல்லும் நாள் வழக்கமாக ஆறு மாதம் கழித்தே வரும்; அன்றைக்கு முன்பே பணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.