வாங்கும் முன் கேளுங்கள்: லாக் பைப்லைனும் ஃபில்டரும்

கேள்வி: சர்வரின் லாக் பதிவுகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் லாக்ஸ்டாஷ் திணறுகிறது. காலை 11 மணிப் பதிவு மதியம்தான் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் கிபானா திரையில் தெரிகிறது. 32 ஜிபி மெஷினுக்கு மாறச் சொல்லி கொட்டேஷன் வந்திருக்கிறது. வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் லாக்ஸ்டாஷின் 9600 போர்ட்டில் நோட் ஸ்டாட்ஸ் என்ற புள்ளிவிவரத்தைத் திறந்து, பைப்லைன் (பதிவு கடந்துபோகும் பாதை) பகுதியைப் பாருங்கள். பதிவை வழியில் பிரிக்கும், மாற்றும் ஒவ்வொரு ஃபில்டரும் எத்தனை பதிவை வாங்கியது, எத்தனையை வெளியே விட்டது, எத்தனை மில்லிசெகண்ட் எடுத்தது என்று தனித்தனியாக இருக்கும். நேரத்தில் பெரும்பகுதியை, வரியை ஒரு பேட்டர்னோடு (எழுத்து மாதிரியோடு) பொருத்திப் பிரிக்கும் ஒரே கிராக் ஃபில்டர் தின்றுகொண்டிருந்தால் கோளாறு மெஷினில் இல்லை.

பேட்டர்னின் தொடக்கத்தில் ^ குறி இல்லாவிட்டால், பொருந்தாத வரியை முதல் எழுத்திலிருந்து ஒரு முறை, இரண்டாம் எழுத்திலிருந்து ஒரு முறை என்று வரி முடியும்வரை முயன்றுவிட்டுத்தான் கிராக் கைவிடும். தொடக்கத்தில் ^, முடிவில் $ போடுங்கள். பல பேட்டர்ன் இருந்தால், அதிகமாக வரும் வரிக்கானதை மேலே வையுங்கள். பொருந்தியதும் அங்கேயே நின்றுவிடும். வரியின் அமைப்பு மாறவே மாறாது என்றால் கிராக்கே வேண்டாம், இடையில் வரும் குறிகளை வைத்து வரியை வெட்டும் டிஸெக்ட் ஃபில்டர் போதும், வேகமும் அதிகம்.

அதற்குப் பிறகும் இழுத்தால், லாக்ஸ்டாஷுக்கு ஒதுக்கிய நினைவகமான ஜேவிஎம் ஹீப்பைப் பாருங்கள். தொடாமல் விட்டால் 1 ஜிபிதான். 4 முதல் 8 ஜிபி வரை வைப்பது வழக்கம். ஃபில்டர்கள் எல்லாம் வேகமாக ஓடி அவுட்புட் மட்டும் நின்றால், திணறுவது பதிவுகளை வாங்கிச் சேமிக்கும் எலாஸ்டிக்சர்ச். அப்போதும் லாக்ஸ்டாஷுக்குப் பெரிய மெஷின் வாங்கிப் பயனில்லை.

கேள்வி: கிராக் பேட்டர்னைச் சோதிக்க மாதச் சந்தாவில் ஒரு டூல் விற்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், கிபானாவின் டெவ் டூல்ஸில் கிராக் டீபக்கர் இலவசமாகவே இருக்கிறது.

கேள்வி: ஒரு கிராக் பேட்டர்ன் தொகுப்பு வாங்கினோம். டெமோவில் எல்லா வரியும் அழகாகப் பிரிந்தது. எங்கள் ஆப்பாச்சி வெப் சர்வர் லாக்கில் நிறைய வரிகள் பிரியவில்லை. கேட்டால், 'உங்கள் லாக் சரியில்லை' என்கிறார் விற்றவர். (சென்னை வாசகர்)

பதில்: உங்கள் லாக்கில் ஒரு குறையும் இல்லை. பிரியாத வரிகளை மட்டும் எடுத்து, சர்வரின் பதிலைக் குறிக்கும் ஸ்டேட்டஸ் எண்ணுக்கு (200, 304 போன்றது) அடுத்த இடத்தைப் பாருங்கள். 200 வந்த வரியில் அங்கே 5123 என்பதுபோல் பைட் கணக்கு இருக்கும். 304 வந்த வரியில் உள்ளடக்கம் எதுவும் அனுப்பப்படுவதில்லை. அதனால் வழக்கமான ஆப்பாச்சி ஃபார்மட்டில் அந்த இடத்தில் ஒரு சிறு கோடு, '-', மட்டும் நிற்கும். கையால் எழுதிய பேட்டர்ன் 'இங்கே எண்தான் வரும்' என்று அடம் பிடித்தால் முழு வரியும் தோற்றுப்போகும். லாக்ஸ்டாஷோடு இலவசமாக வரும் கம்பைண்ட் ஆப்பாச்சி லாக் பேட்டர்ன் 'எண் அல்லது கோடு' என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. உங்களுக்கு விற்றது அதைவிட மட்டமான சரக்கு.

இந்த வியாபாரத்தில் எனக்குப் பொறுக்கவே முடியாத விஷயம் இதுதான். விற்பவர் தன் சுத்தமான லாக்கில் காட்டுவார், வாங்குபவர் தலையாட்டுவார். நானும் அப்படிப் பணம் கொடுத்து ஒரு பேட்டர்ன் தொகுப்பு வாங்கி, எங்கள் லாக்கில் பாதி வரி விழுந்த பிறகுதான் கண் திறந்தேன்.

இதைவிட மோசம், தோல்வியை மறைப்பது. பிரியாத வரிக்கு கிராக் தானாகவே 'கிராக் பார்ஸ் ஃபெயிலியர்' என்ற டேக்கை ஒட்டும். டேக் ஆன் ஃபெயிலியர் அமைப்பைக் காலியாக வைத்துவிட்டால் அது ஒட்டாது. கடைசி பேட்டர்னாக, எதையும் ஏற்கும் கிரீடி டேட்டா மட்டும் போட்டால் எந்த வரியும் 'பொருந்தியதாக' ஆகிவிடும். டாஷ்போர்டு பளிச்சென்று இருக்கும், உள்ளே ஐபியும் இருக்காது, ஸ்டேட்டஸும் இருக்காது. ஆகவே அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள். பணம் கொடுக்கும் முன் உங்கள் சர்வரின் மோசமான நாளிலிருந்து 1,000 வரி எடுத்துக் கொடுங்கள். 304, 404, 500, அரைகுறையாக வெட்டுப்பட்ட வரி எல்லாம் அதில் இருக்கட்டும். உள்ளே போனது எத்தனை, டேக் விழுந்தது எத்தனை என்ற கணக்கு வந்த பிறகு மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கேள்வி: இரண்டாவதாக ஒரு கான்ஃபிக் கோப்பு சேர்த்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவும் இரண்டு முறை சேர்கிறது, ஸ்டோரேஜ் பில்லும் ஏறிவிட்டது.

பதில்: கான்ஃப்.டி ஃபோல்டரில் உள்ள கோப்புகளைத் தனித்தனி பைப்லைன் என்று நினைத்துவிட்டீர்கள். லாக்ஸ்டாஷ் அவற்றைப் பெயர் வரிசையில் ஒட்டி ஒரே பைப்லைனாக ஓட்டும். எந்த இன்புட்டில் வந்த பதிவும் எல்லா ஃபில்டரையும் தாண்டி எல்லா அவுட்புட்டுக்கும் போகும். பைப்லைன்ஸ் யாம்ல் கோப்பில் இரண்டுக்கும் தனி ஐடி கொடுத்துப் பிரியுங்கள். பழைய கோப்பை '.கான்ஃப்' என்ற முடிவோடு அதே ஃபோல்டரில் காப்பி வைத்திருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: தினமும் 40 ஜிபி லாக், முக்கால்வாசி டீபக் (பிழை தேட மட்டும் உதவும் விவர வரிகள்). ஒரு லாக் சேவைக்கு ஓர் ஆண்டுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். சேவைத் தளத்திலேயே டீபக்கைக் கழிக்கும் ஃபில்டர் போட்டும் பில் குறையவில்லை.

பதில்: எப்படிக் குறையும்? உள்ளே வரும் ஜிபிக்குத்தான் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருக்குமே, கட்டும் முன் அதைப் படித்திருக்க வேண்டாமா? கழிப்பதை உங்கள் சர்வரிலேயே செய்யுங்கள். சர்வரிலிருந்து லாக்கை அனுப்பும் டூல் ஃபைல்பீட் என்றால் டிராப் ஈவன்ட், ஃப்ளூயன்ட் பிட் என்றால் கிரெப் ஃபில்டரின் எக்ஸ்க்ளூட். அதைவிட நல்லது, அப்ளிகேஷனின் லாக் லெவலை, டீபக்கை எழுதாத இன்ஃபோவுக்கு மாற்றுவது.

கேள்வி: 'கடைசி 15 நிமிடம்' என்று தேடினால் அந்த நேரத்தில் எழுதிய எதுவும் வருவதில்லை. சரிசெய்ய 25,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: பெரும்பாலும் ஒரு வரி வேலை. உங்கள் அப்ளிகேஷன் இந்திய நேரத்தை மண்டலக் குறி இல்லாமல் எழுதுகிறது, சர்வர் யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடுகிறது. பகல் 2 மணியை யுடிசி 2 மணி என்று எடுத்துக்கொண்டால், கிபானாவில் அது இரவு 7.30 என்று விழும். தேடும் நேரத்தை நாளை வரை நீட்டிப் பாருங்கள், பதிவுகள் அங்கே இருக்கும். டேட் ஃபில்டரில் டைம்ஸோன் இடத்தில் 'ஏசியா/கொல்கத்தா' என்று கொடுங்கள். பழைய பதிவுகள் தானாகத் திருந்தாது, நேரத்தைத் திருத்தி மறுபடி சேமிக்க (ரீஇண்டெக்ஸ்) வேண்டும்.

கேள்வி: தனியாளாகத் தொழில் செய்து பிழைக்கிறேன். 'ஒரு பதிவும் தொலையாது' என்று எழுதிக் கொடுத்து, ஃப்ளூயன்ட் பிட் அமைக்க 60,000 ரூபாய் வாங்கினார் ஒருவர். இரண்டு மணி நேரம் நெட் போனதில் அந்த நேரத்துப் பதிவுகளைக் காணோம். போனை எடுப்பதில்லை. (மதுரை வாசகர்)

பதில்: உங்கள் மேல் தவறு இல்லை. எழுதி வாங்கியிருக்கிறீர்கள், அதுவே பெரிய பலம். ஃப்ளூயன்ட் பிட்டில் ரீட்ரை லிமிட்டை (அனுப்ப முடியாதபோது எத்தனை முறை மறுபடி முயல்வது) யாரும் மாற்றாவிட்டால் 1. ஒரே மறுமுயற்சிதான், பிறகு அந்தப் பதிவுத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடும். அப்படிக் கைவிட்டதை அதன் சொந்த லாக்கிலேயே எழுதியிருக்கும். தொலையாது என்று சொன்னவர் இன்புட்டில் ஸ்டோரேஜ் டைப்பை ஃபைல்சிஸ்டம் (பதிவுகளை டிஸ்க்கிலும் வைத்திருப்பது) என்றும், அவுட்புட்டில் ரீட்ரை லிமிட்டை வரம்பில்லாமலும் வைத்திருக்க வேண்டும்.

எதையும் திருத்தும் முன் கான்ஃபிக் கோப்பையும் அந்த நாளின் லாக்கையும் தேதியோடு நகல் எடுங்கள். பிறகு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள், 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. மனுவில் அதைத் தெளிவாக எழுதுங்கள். மாவட்ட ஆணையத்துக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.