ராக்கொடியின் கெம்புக் கற்கள் மங்கியது ஏன்?

கல் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்னந்தலையில் அணியும் வடசேரி ராக்கொடி, சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவியபின் மங்கியது என்றால், பெரும்பாலும் கெட்டது கல் அல்ல, அதன் அடியில் இருக்கும் தகடு.

நாகர்கோவில் நகரின் வடசேரிப் பகுதியில் செய்யப்படும் கோயில் நகைகளில், வெள்ளிக் கூட்டுக்குள் அரக்கு நிரப்பிக் கல்லைப் பதிப்பார்கள். கல்லுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடுதான் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் செந்தணல் நிறம் அதனால் வருவது. விளிம்பு வழியாக நீர் கசிந்தால் தகடு கறுத்துவிடும்.

முதலில் உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். வியர்வையும் ஒப்பனைப் பூச்சும் படிந்திருந்தால் அதிலேயே தெளிந்துவிடும். தெளியாவிட்டால், சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மங்கல் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவியிருந்தால் நீர் புகுந்திருக்கிறது.

அதற்கு ஒரே வழி, கல்லை எடுத்துத் தகடு மாற்றிப் பதிப்பதுதான். இந்த வேலை தெரிந்த கைவினைஞரிடமே கொடுங்கள். நீங்களாக நெம்பினால் கல்லைச் சுற்றி அழுத்திய தங்கரேக்கு (மிக மெல்லிய தங்கத்தாள்) கிழியும். முடி உலர்த்தியால் காயவைக்கவும் வேண்டாம். சூட்டில் அரக்கு இளகிவிடும்.

உங்கள் நகையின் படத்தைப் பார்க்காமல் சொல்கிறேன். எல்லாக் கற்களும் ஒரே சீராக மங்கியிருந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம்.